பாறைமேல் ஐந்து பேர்

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசினாய். மாப்பிள்ளையின் அக்காவோடு போய், கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் குடியிருக்கப் போகும் வீட்டைப் பார்த்துவிட்டு மதுரைக்குத் திரும்பியிருந்தாய். அணைக்குக் கீழே, மலைச்சரிவில் வரிசையாகக் கட்டிய குடியிருப்பில் கடைசி வீடு என்றாய். "அடுப்படி ஜன்னலைத் தொறந்தா நேரா ஆறுதாம்ப்பா. தண்ணிச் சத்தம் கேட்டுக்கிட்டே தூங்கலாம்" என்று சிரித்தாய். நான் "ரொம்ப நல்லதும்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். உன் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "வீடு நல்லாருக்குன்னுதானே சொன்னா, பொறவு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்று கேட்டாள். "வீட்டுக்குப் பின்னால ஆறாம்" என்றேன். அவள் எழுந்து போய், மலை தெரியும் மேற்குப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். வெளியே நல்ல வெயில். ஒரு துண்டு மேகம்கூட இல்லை.

அந்த ஜன்னலை அவள் ஏன் சாத்தினாள் என்பது உனக்குத் தெரியாது. இதை நேரில் சொல்லலாம் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். நீ வரும்போது வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். ஆட்கள் இல்லாவிட்டாலும் இதைப் பேச ஆரம்பித்தால் பாதியில் எழுந்து வெளியே போய்விடுவேன். எழுதினால் நிறுத்தி நிறுத்தி எழுதலாம். நீயும் தனியாக, உன் வேகத்துக்குப் படிக்கலாம்.

சின்ன வயதில் யானைமேல் ஏறியதாக நீ எல்லோரிடமும் சொல்வாய். ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் தாத்தா வீட்டுத் தெருவில் கோயில் யானை வரும். அதன்மேல் உன்னை உட்கார வைத்தார்கள் என்றும், முதுகு சாம்பல் நிறமாகச் சில்லென்று இருந்தது என்றும், அது உனக்குக் கீழே குலுங்கிக்கொண்டே இருந்தது என்றும், ஒரு சிவப்புத் துணி உன்னைச் சுற்றி இருந்தது என்றும் சொல்வாய். கல்லூரியில் படிக்கும்போது ஒரு முறை, "அது எந்த வருசம்ப்பா?" என்று கேட்டாய். "சரியா ஞாபகம் இல்லம்மா" என்றேன். ஞாபகம் இருந்தது. நீ எந்த யானைமேலும் ஏறியதில்லை. உனக்குக் கீழே குலுங்கியது ஒரு பாறை.

எண்பதுகளின் தொடக்கம் அது. உனக்கு ஐந்து வயது. நான் ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில்லில் மெக்கானிக்காக இருந்தேன். தீபாவளி முடிந்து மில்லுக்கு லீவு. ஊரில் பாதிப்பேர் அய்யனார் கோயில் ஆற்றுக்குக் குளிக்கப் போனார்கள், நாமும் போனோம். நீ வழியெல்லாம் மாந்தோப்பு வேலிகளைத் தொட்டுக்கொண்டே நடந்தாய். ஆற்றில் உன் முழங்கால் அளவுதான் தண்ணீர். அடியில் கிடக்கும் கூழாங்கல்லின் வரிகூடத் தெரிந்தது. நடு ஆற்றில் வட்டமாக ஒரு பெரிய பாறை. அதன்மேல் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று ஏறினோம். அங்கே ஏற்கெனவே ஒரு புருசனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். தளவாய்புரத்துக்காரர்கள். கல்யாணமாகி முதல் தீபாவளி. கோயிலில் கும்பிட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அவன் பெயர் குருசாமி. நல்ல உயரம், தறி ஓட்டுகிறவன். அவள் பெயர் காளீஸ்வரி. உன்னைப் பார்த்ததும் அவள் தன் இலையிலிருந்து ஒரு அதிரசத்தை எடுத்து நீட்டினாள். நீ என் காலுக்குப் பின்னால் ஒளிந்தாய். "ஏட்டி, வாங்கிக்க, நான் ஒங்க அத்தைதான்" என்றாள். அப்புறம் அவள் மடியிலேயே உட்கார்ந்து தின்றாய்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், அந்த இடத்தில் பயப்பட ஒன்றுமே இல்லை என்பது உனக்குத் தெரிய வேண்டும். நமக்கு மேலே நீல வானம். தூரத்தில் மலையின் உச்சி மட்டும் கறுத்திருந்தது. ஐப்பசி மாதத்தில் மலை கறுப்பது எல்லோரும் தினமும் பார்ப்பதுதான். யாரும் குடித்திருக்கவில்லை, யாரும் யாருடைய பேச்சையும் மீறவில்லை, எச்சரிக்கைப் பலகை எதுவும் இல்லை. பிற்பாடு உன் அம்மா நூறு தடவை கேட்டாள், நாம் என்ன தப்பு செய்தோம் என்று. ஒரு தப்பாவது கண்டுபிடித்தால் அதைத் திரும்பச் செய்யாமல் இருக்கலாம் அல்லவா? ஒன்றும் கிடைக்கவில்லை. இத்தனை வருடமாக என்னைப் பயமுறுத்துவது அதுதான்.

முதலில் குளிர்ந்த காற்று ஒன்று மண்வாசனையோடு வந்தது. குருசாமி சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பார்த்தான். "அண்ணாச்சி, தண்ணி கலங்குதே" என்றான். பார்த்தேன். டீ நிறத்தில் இருந்தது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. அவன் எழுந்து, "எந்திரிங்க, கரைக்குப் போயிருவோம்" என்று சொல்லி முடிப்பதற்குள் மேலே வளைவில் சத்தம் கேட்டது. மில்லில் எல்லா மெஷினும் ஒன்றாக ஓடும்போது வரும் சத்தத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவன் நான். அது வேறு. உள்ளே கல் உருளும் சத்தம். வளைவில் தண்ணீர் ஆள் உயரத்துக்கு வந்தது. அதில் மரம், புதர், ஒரு செத்த ஆடு எல்லாம் இருந்தன. சற்று முன் நாம் நடந்து வந்த இடம் கண்ணெதிரே மறைந்தது.

பாறைமேல் நாம் ஐந்து பேர். தண்ணீர் ஏற ஏற நடுவுக்கு நகர்ந்தோம். கடைசியில் நாலு பெரியவர்கள் ஒட்டிக்கொண்டு நிற்க மட்டுமே இடம் இருந்தது. அடியில் உருண்டு வந்த கற்கள் மோத மோதப் பாறை குலுங்கியது. நீ அழவில்லை. உன் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாய். கரையில் ஆட்கள் ஓடுவது தெரிந்தது. வாய் அசைந்தது, குரல் கேட்கவில்லை. ஒரு தோப்புக் காவல்காரர் வண்டிக் கயிற்றைக் கொண்டுவந்து ஒரு முனையை மருத மரத்தில் கட்டினார். மறுமுனையில் கல்லைக் கட்டி நம்மை நோக்கி எறிந்தார்கள். சில தடவை விழுந்து விழுந்து இழுபட்டுப் போய், ஒரு தடவை குருசாமியின் கையில் சிக்கியது.

கயிற்றைக் கட்டப் பாறையில் இடம் இல்லை. வழவழவென்று இருந்தது. குருசாமி ஒரு நிமிடம் சுற்றிப் பார்த்தான். கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டான். பாறையில் இருந்த ஒரே வெடிப்பில் இரண்டு காலையும் திணித்து, மல்லாந்த மாதிரி சாய்ந்து நின்றான். தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"அண்ணாச்சி, இத வச்சுப் புள்ளய முதுகுல கட்டுங்க. நீங்க முதல்ல போங்க."

"ஒங்க வீட்டுக்காரவிய போகட்டும் தம்பி."

"கயிறு நையிறதுக்கு முன்னாடி புள்ள போயிரணும். போங்க."

"அப்ப நான் பிடிச்சு நிக்கேன், நீங்க புள்ளயக் கொண்டு போங்க."

"ஒங்க எடை பத்தாது அண்ணாச்சி, கயிறு ஒங்கள இழுத்துட்டுப் போயிரும். நான் நின்னாத்தான் நிக்கும். பேச நேரமில்ல."

பஸ்ஸில் இடம் விடுகிறவன் மாதிரிதான் சொன்னான். குரலில் ஒரு பதற்றம் இல்லை. காளீஸ்வரி துண்டை இறுக்கி முடிந்தாள். இறங்கினேன். தண்ணீர் என் உடம்பைக் கயிற்றிலிருந்து கிழித்து எடுக்கப் பார்த்தது. ஒரு கையை எடுத்து முன்னால் வைப்பதற்குள் உயிர் போய்வந்தது. உன் மூச்சு என் காதில் பட்டுக்கொண்டே இருந்தது, அது ஒன்றைத்தான் கேட்டேன். கரையில் யாரோ என் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார்கள். அடுத்து உன் அம்மா வந்தாள். அதற்கடுத்துக் காளீஸ்வரி வந்தாள். பாறைமேல் குருசாமியின் இடுப்பளவு தண்ணீர் ஏறியிருந்தது. கரையில் எல்லோரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டோம், நானும் பிடித்தேன். அவன் கையை உயர்த்திக் காட்டிவிட்டுக் குதித்தான். பாதி தூரம் வந்திருப்பான். வேரோடு ஒரு மரம் வந்து கயிற்றின்மேல் விழுந்தது. பாறை விளிம்பில் உரசி உரசிக் கயிறு ஏற்கெனவே நைந்திருக்க வேண்டும். இழுத்தோம். லேசாக வந்தது. காளீஸ்வரி மற்றவர்களைத் தள்ளிவிட்டுத் தான் ஒருத்தியாக அதை இழுத்துக்கொண்டே இருந்தாள், முனை கைக்கு வந்து சேரும்வரை.

மறுநாள் கீழே ஒரு கண்மாயின் மதகுப் பக்கத்தில் அவனைக் கண்டெடுத்தார்கள். நான் தளவாய்புரத்துக்குப் போனேன். வாசலில் என்னைப் பார்த்ததும் குருசாமியின் தாயார் எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்தார். "ஒம் புள்ளயத் தூக்கிட்டு வந்துட்ட. எம் புள்ளய எங்கய்யா விட்டுட்டு வந்த?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இன்றுவரை இல்லை. மூலையில் உட்கார்ந்திருந்த காளீஸ்வரி தலையைத் தூக்கவே இல்லை. அதற்குப் பிறகு வெகு காலம் நான் அந்த ஊர்ப் பக்கம் போகவில்லை.

நீ அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவள்தான், பல மாதம் பேசவில்லை. சாப்பிடுவாய், தூங்குவாய், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாய். வாயிலிருந்து சத்தம் வராது. தெருக்குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டால் ஓடிப்போய் அரிசி டிரம்மின்மேல் ஏறி நின்றுகொள்வாய். அம்மா வந்து கட்டிப்பிடித்தால்தான் இறங்குவாய். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். "எதையும் தோண்டிக் கேக்காதீங்க. அவளாச் சொல்லட்டும்" என்றார். ஒரு நாள் தாத்தா வீட்டு வாசலில் உன் அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கோயில் யானை நெற்றியில் சிவப்புத் துணியோடு வந்தது. நீ கையை நீட்டி, "அம்மா, நான் இது மேல உக்காந்திருந்தேம்ல?" என்று கேட்டாய். அத்தனை மாதத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு அது. உன் அம்மாவுக்கு வேறு எது சொல்லத் தோன்றும்? "ஆமா தாயி, ஆமா" என்று சொல்லித் தெருவிலேயே உட்கார்ந்து அழுதாள். அந்த "ஆமா"வை நாங்கள் அப்புறம் திருத்தவில்லை. உன் மனசு உன்னைக் காப்பாற்ற ஒரு யானையை உண்டாக்கிக்கொண்டது. அதைப் பிடுங்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

வெள்ளம் வந்த அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு முன் சபையில் போதகர் என்னை எழுந்து சாட்சி சொல்லச் சொன்னார். கர்த்தர் நம் குடும்பத்தை வெள்ளத்திலிருந்து தப்புவித்ததை எல்லோரும் கேட்க வேண்டும் என்றார். நல்ல மனிதர், அன்பாகத்தான் கேட்டார். எழுந்து நின்றேன். முதல் வரிசையில் பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள். "எங்கள ஒருத்தர் காப்பாத்துனாரு. அவரு பேரு குருசாமி. அவரு வீட்டுக்குத் திரும்பிப் போகல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சபையில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. உன் அம்மா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நன்றி சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த லேசான கயிறு கைக்கு வரும், பாப்பா. அதற்காக நன்றி சொல்லாமலும் இல்லை.

நீ வளர வளர என் பயமும் உன்னோடு வளர்ந்தது. ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலிருந்து குற்றாலத்துக்கு டூர் போனாய். நீ கெஞ்சிக் கேட்டதால் சரி என்றேன். அன்றைக்கு மில்லுக்கு லீவு போட்டுவிட்டு நானும் தென்காசி பஸ் ஏறினேன். அருவிக்கு எதிரே ஒரு டீக்கடையில் தூணை ஒட்டி நின்று, நீ குளித்து முடித்துத் தலை துவட்டும் வரை மலையையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தேன். கடைக்காரர், "யார சார் தேடுதீய?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். உனக்கு முன்னால் வீட்டுக்கு வந்து சேர்ந்து, டூர் எப்படி இருந்தது என்று கேட்டேன். நீ எல்லாவற்றையும் சொன்னாய். நானும் புதிதாகக் கேட்பது போலக் கேட்டேன்.

உன் அம்மா வேறு மாதிரி. மழை பிடித்துவிட்டால் பாத்திரங்களை உருட்டுவாள், பக்கத்து வீட்டு நாயுடம்மாவைக் கூப்பிட்டு உரக்கப் பேசுவாள், பாமாலைப் பாட்டுப் புத்தகத்தை எடுத்துப் பாடுவாள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். இவளால் எப்படி மறக்க முடிந்தது என்று மனசுக்குள் எனக்கு ஒரு கோபம் இருந்தது. வருடக்கணக்காக இருந்தது. ஒரு சாயங்காலம் மழையில் கரண்ட் போய்விட்டது. இருட்டில் நான் எரிந்து விழுந்தேன், "செத்த நேரம் சும்மா இருக்க மாட்டியா?" என்று. அவள் மெதுவாகச் சொன்னாள், "நான் சத்தமாப் பேசலேன்னா எனக்கு அந்தச் சத்தம் கேக்குங்க." அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே வெள்ளத்தில் தனித்தனியாக நின்றுகொண்டிருந்தோம் என்று. அதற்குப் பிறகு மழை பெய்தால் இரண்டு பேரும் ஒரே கட்டிலில் உட்காருவோம். "எனக்குப் பயமா இருக்கு" என்று அவள் சொல்வாள், எனக்கும் என்பேன். பயம் போகவில்லை. ஆனால் இருக்க முடிந்தது. கல்யாணம் செய்துகொள்ளப் போகும் உனக்கு நான் சொல்லத் தெரிந்த புத்தி இது ஒன்றுதான். பயந்தால் மாப்பிள்ளையிடம் பயமாக இருக்கிறது என்று சொல். அவர் சொன்னால் சிரிக்காதே.

அந்த வீட்டுக்குப் போகாதே என்று எழுதத்தான் நான் உட்கார்ந்தேன். உன் அம்மா தடுத்துவிட்டாள். "நம்ம பயத்த அவளுக்குச் சீதனமாக் குடுக்காதீங்க" என்றாள். அதனால் போ. ஆனால் எனக்காகச் சிலதைச் செய். வீட்டுக்கு மேலே வெயில் அடிக்கிறதா என்று பார்க்காதே, மலை உச்சியைப் பார். தண்ணீர் நிறம் மாறினால் துணி கிடந்தாலும் பாத்திரம் கிடந்தாலும் அப்படியே போட்டுவிட்டு மேட்டுக்கு ஏறு. அணையில் சைரன் ஊதினால் எதற்காக என்று யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்காதே. உனக்குக் குழந்தை பிறந்து, அது ஆற்றில் விளையாட ஆசைப்பட்டால் கூட்டிப்போ, கையைப் பிடித்துக்கொண்டு கூட்டிப்போ. தண்ணீர் கெட்டது என்று அதற்குச் சொல்லித் தராதே. நாம் இருப்பது தண்ணீருக்குத் தெரியாது, அவ்வளவுதான். இதைப் படித்த பிறகு உனக்குள் ஏதாவது திரும்பி வந்தால், ஒரு சத்தமோ ஒரு முகமோ, தனியாக வைத்துக்கொள்ளாதே. உடனே போன் செய். எந்த நேரமானாலும் எடுப்பேன்.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் அம்மாவும் நானும் உன் கல்யாணப் பத்திரிகை வைக்கத் தளவாய்புரம் போனோம். அம்மாவும் காளீஸ்வரியும் சில வருடங்களுக்கு முன் பஸ் ஸ்டாண்டில் தற்செயலாகச் சந்தித்து, அதிலிருந்து அவ்வப்போது பார்த்துக்கொள்கிறார்கள். நான்தான் அதுவரை அந்த வாசலை மறுபடி மிதிக்கவில்லை. காளீஸ்வரி மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு நைட்டி தைக்கிறாள், அவளிடம் நாலு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். மாமியாரைத் தன்னோடே வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்திவிட்டு, "வாங்க அண்ணாச்சி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள். பத்திரிகையை வாங்கி உன் பெயரை விரலால் தடவினாள்.

"நான் வந்து நிக்கலாமாக்கா, நல்ல காரியத்துல?" என்று அம்மாவைக் கேட்டாள்.

"நீ வரலேன்னா அது என்ன நல்ல காரியம்? மொத பெஞ்சுல எம் பக்கத்துல உக்காருத."

அவள் பத்திரிகையை மெஷின்மேல் வைத்தாள். பிறகு, "அவளுக்கு என்னத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "அப்பச் சொல்லிருங்க அண்ணாச்சி. கல்யாணத்தன்னைக்கு என்னப் பாத்து 'இவிய யாரு'ன்னு அவ கேட்டுட்டா, என்னால அங்க நிக்க ஏலாது" என்றாள்.

உள்ளே கட்டிலிலிருந்து, "யாரு வந்திருக்கது?" என்று குரல் வந்தது. குருசாமியின் தாயார். காளீஸ்வரி போய்க் காதோடு சொன்னாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிலைப்படி வரை வந்து என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். அந்தப் பழைய கேள்விதான் வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"அந்தப் பொட்டப்புள்ளைக்கா கல்யாணம்?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"இப்ப எம்புட்டு ஒசரம் இருப்பா?"

கையை உயர்த்தி என் காதுக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன். என் உள்ளங்கைக்குக் கீழே, நீ நின்றிருக்க வேண்டிய அந்த இடத்தை, உச்சியிலிருந்து தரை வரை, அவர் மெதுவாகப் பார்த்தார். அவர் பார்த்து முடிக்கும்வரை நான் கையை இறக்கவில்லை.

இரண்டு பேரும் வருகிறார்கள், பாப்பா.

அப்பா